ஒன்பதாவது கேள்வி

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினாறு பேர். நேற்றும் பதினாறு. நான் டியூட்டியில் இருந்தால் ஸ்கேன் அறை வாசலில் வரிசை தேங்காது என்று ஒரு பெயர் வாங்கி வைத்திருக்கிறேன். அதைக் காப்பாற்ற மதியச் சாப்பாட்டை நின்றபடியே முடித்தேன்.

மாலையில் ஆராய்ச்சிப் பெண் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கற்றுக்கொண்ட வேலை எப்படிப் பழக்கமாகிறது என்று பார்க்கிறாள் அவள். நாலு பொத்தான்களை ஒரு வரிசைப்படி தட்டச் சொல்லிக்கொடுப்பாள். ஆறு வாரம், தினமும். நடுநடுவே எங்கள் எம்.ஆர்.ஐ. காந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து, மூளையில் எந்த இடம் எந்த இடத்தோடு பேசிக்கொள்கிறது என்று படம் எடுப்பாள். வெளியாட்களைச் சேர்ப்பதற்கு முன் வெள்ளோட்டமாக எங்கள் துறையிலேயே ஐந்து பேரைப் பிடித்தாள். அதில் நானும் ஒருத்தி. என் படங்கள் இன்று தயார். முதல் வாரத்தில் என் மண்டை சந்தைக்கடை மாதிரி இருக்கிறது, முன்னும் பின்னும் ஒரே கோடுகள். ஆறாவது வாரத்தில் மிஞ்சியது நாலைந்து.

"என்னம்மா, இருந்ததும் போச்சே?" என்றேன்.

"போகணும்க்கா. கத்துக்கும்போது எல்லா இடமும் கூடிப் பேசும். பழகிட்டா கையைப் பாத்துக்கற இடம் தானாவே வேலையை முடிச்சிடும். முன்பக்கம், அதான் மேற்பார்வை பாக்கற இடம், ஒதுங்கிக்கும். யாருக்கு சீக்கிரம் ஒதுங்குதோ அவங்கதான் வேகமாக் கத்துக்கறாங்க. அஞ்சு பேர்ல நீங்கதான் முதல்."

வீட்டில் வந்து சொல்லாமல் இருக்க முடியுமா? "மேற்பார்வை இல்லாம வேலை பாக்கறதுல நீ கெட்டிக்காரின்னு மிஷினே சொல்லிடுச்சா?" என்றார் இவர். கணக்கு வாத்தியார். பாராட்டினாலும் அரை மார்க் குறைத்துத்தான் கொடுப்பார்.

மார்ச் 6, வியாழன்

அறையில் குளிர் தாங்கவில்லை, இன்னும் நாலு கம்பளி வேண்டும் என்று துறைத் தலைவரிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். எதைக் கேட்டாலும் அந்த ஒரே சொல்தான். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரும் அதுதான்.

மார்ச் 11, செவ்வாய்

வரிசையாக எழுதிவிட்டால் மனசு அடங்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காலை பதினொன்றரை. ஆராய்ச்சிப் பெண்ணுக்கு வந்த புது ஆள், நாற்பது நாற்பத்திரண்டு வயது, வெல்டர். படுக்கவைத்தேன். வலியோ பயமோ வந்தால் அழுத்தச் சொல்லி ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தேன். மேசையை உள்ளே அனுப்பினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, மணி அடித்தது. விட்டு விட்டு இல்லை, ஒரேயடியாக. பந்தைப் பிழிந்துகொண்டே இருந்திருக்கிறார். வெளியே இழுத்தேன். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "கண்ணு, கண்ணு" என்றார். கையை எடுத்துப் பார்த்தால் வெள்ளை விழி முழுக்க ரத்தம்.

கண் பிரிவுக்குத் தள்ளுவண்டியில் ஓடினோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். விழிக்குள் ஓர் இரும்புத் துணுக்கு, குறுநொய் அளவு. என்றைக்கோ வேலையில் தெறித்து உள்ளே போய், சும்மா கிடந்திருக்கிறது. காந்தம் அதைப் புரட்டிவிட்டது.

இரும்போடு வேலை செய்கிற ஆளைக் காந்தத்துக்குள் அனுப்புமுன் கேட்க வேண்டிய கேள்வியே இதுதானே. படிவத்தில் ஒன்பதாவது கேள்வி. கேட்டிருப்பேனே. எப்பவும் கேக்கறதுதானே. கேக்காம யாரையும் உள்ள விட்டதில்லையே.

காலையில் முதல் வேலையாக அந்தப் படிவத்தைத் தேடி எடுக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

படிவத்தை எடுத்துப் பார்த்தோம். பதினான்கு கேள்விகள். பேஸ்மேக்கர் உண்டா, காதுக்குள் கருவி உண்டா, எலும்பில் ஆணி உண்டா என்று போகும். கொடுத்தால் யாரும் படிப்பதில்லை என்பதால் நானே வாசித்து, பதிலைக் கேட்டு, ஆம் அல்லது இல்லை கட்டத்தில் குறி போடுவேன். அவர்கள் அடியில் கையெழுத்துப் போடுவார்கள். எனக்கு நாற்பது விநாடி வேலை.

ஒன்பது: கண்ணில் எப்போதாவது உலோகத் துகள் பட்டதுண்டா? இல்லை. என் குறி. கீழே அவர் கையெழுத்து.

"காகிதம் சுத்தமா இருக்கு" என்றார் துறைத் தலைவர். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியதைப் பார்த்தேன். எனக்கும் மூச்சு வந்தது, மறைப்பானேன்.

ஆனால் வெல்டர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். வாசித்துக் காட்டினார்கள். "பத்து வருஷம் முன்னாடி கண்ணுல துண்டு தெறிச்சுது, எடுத்துட்டாங்கன்னு நெனக்கிறேன்னு அந்த மேடம்கிட்ட சொன்னேன். அவங்க 'சரி'ன்னாங்க."

சரி என்றேனாம்! கண்ணில் இரும்பு தெறித்தது என்று ஒருவர் சொல்ல, இருபத்தோரு வருஷமாகக் காந்தத்தோடு மாரடிக்கிற நான் "சரி" என்பேனா? நாலு எட்டில் எக்ஸ்ரே அறைக்கு அனுப்பியிருக்க மாட்டேனா? பயத்தில் உளறுகிறார், பாவம். விசாரணைக் குழு ஏப்ரல் பத்தாம் தேதி கூடுகிறதாம்.

மார்ச் 13, வியாழன்

அந்த நாற்பது விநாடியை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன்.

அவருக்கு முந்தின ஆள் நினைவிருக்கிறது. மோதிரம் கழலாமல் சோப்புப் போட்டுக் கழற்றிய அம்மாள். அதற்கும் முந்தின ஆள், தூங்கிப்போய்க் குறட்டை விட்டவர். அப்புறம் மணிச் சத்தம் நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. அவர் என்ன சட்டை போட்டிருந்தார்? எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாரா, நின்றாரா? எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் நான் எதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதுகூடத் தெரியவில்லை.

மார்ச் 15, சனி

அவர் பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. பொய் சொல்ல நினைக்கிறவர் "எடுத்துட்டாங்கன்னு நெனக்கிறேன்" என்று தனக்கே பாதகமாக ஒரு வார்த்தையைச் சேர்ப்பாரா?

மார்ச் 18, செவ்வாய்

அறுவை முடிந்தது. துணுக்கை எடுத்துவிட்டார்கள். அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெரியவில்லை. இனித் தெரியுமா என்று கேட்டேன். கண் டாக்டர் என்னைப் பார்க்காமல் பேனாவை மூடினார்.

திரும்பும்போது தாழ்வாரத்தில் வெல்டர் மனைவியின் குரல். "அவங்க அச்சடிச்ச தாளை வெச்சுக்கிட்டுக் கேட்டிருக்காங்க. கேட்டப்போ வாய்ல என்ன, பூட்டா போட்டிருந்தீங்க? இப்ப வந்து சொன்னேன் சொன்னேன்னா யாரு நம்புவா?" அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் கட்டு. "சொன்னேன்டி" என்றார். ஒரு தடவைதான்.

நான் மாடிப்படி வழியாகத் திரும்பிப் போய்விட்டேன். கோழை.

மார்ச் 19, புதன்

ஆராய்ச்சிப் பெண்ணிடம் கேட்டே விட்டேன். "என் படத்துல மேற்பார்வை ஒதுங்கிப்போச்சுன்னியே. கேள்வி கேக்கறதுலயும் அப்படி ஆகியிருக்குமா? வாய் கேட்டு, கை குறி போட்டு, நான் ஊர்ல இல்லாம?"

அவள் இந்த ஒரு வாரத்தில் இளைத்துப் போயிருக்கிறாள். ஆராய்ச்சியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். "அக்கா, அது நாலு பொத்தான் தட்டின படம். அதை வெச்சு அன்னிக்கு நீங்க கேட்டீங்களா இல்லையான்னு நான் சொன்னா அது ஜோசியம். அப்படி நடக்கலாம். நடந்துச்சான்னு படம் சொல்லாது."

"அப்ப யாரு சொல்லுவா?"

"தெரியலைக்கா."

நல்ல பெண். ஆறுதலுக்காகக்கூட அளக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

பழைய படிவக் கட்டுகளை இறக்கிப் பார்த்தேன். ஆரம்ப வருஷங்களில் என் குறிகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. சில இடத்தில் அடித்துத் திருத்தல், ஓரத்தில் "எந்த வருடம்?", "மருத்துவர் கடிதம் கேட்டேன்" என்று பொடி எழுத்து. சமீபத்திய தாள்களில் பதினான்கு குறிகளும் ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில், அச்சில் வார்த்த மாதிரி இறங்குகின்றன. போன மாதம் வந்த முந்நூற்றுச் சொச்சம் பேரில் ஒருவருக்குக்கூட ஓரத்தில் எழுத்து இல்லை. முந்நூறு பேரில் ஒரே ஒருவர்கூடவா "ஆனா..." என்று இழுக்கவில்லை?

பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. கட்டை மூடி வைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

மதியம் இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "உக்காந்து என்னைக் கேள்வி கேட்டுப் பாரு, நடுவுல ஒரு 'ஆமா' சொல்றேன்" என்றார். உட்கார்ந்தோம், சொன்னார், பிடித்துவிட்டேன். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"நீ உஷாரா இருக்கறப்போ பிடிக்கறதுல என்ன இருக்கு? அலுத்துப்போற வரைக்கும் பண்ணணும்" என்று கடைக்குப் போய் முப்பது நகல் எடுத்து வந்தார். மகளோடு உள்ளறையில் ஏதோ குசுகுசுப்பு. பிறகு சாப்பாட்டு மேசையில் இவரும் அவளும் மாறி மாறி எதிரே உட்கார, நான் வாசித்து வாசித்துக் குறி போட்டேன். முதல் பத்துத் தாள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். எல்லாம் இல்லை, இல்லை. பதினைந்தாவதில் சலவை மிஷின் நின்றது. துணியை யார் உலர்த்துவது என்று பேச்சு வந்தது. பேசிக்கொண்டே கேட்டேன், கேட்டுக்கொண்டே குறித்தேன்.

முப்பதும் முடிந்தபின் இவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் திருத்துகிற மாதிரியே சிவப்புப் பேனாவால் திருத்தினார். ஐந்து இடத்தில் "ஆமா" சொல்லியிருக்கிறார்கள். ஒன்றைப் பிடித்திருக்கிறேன். நாலில் கோட்டை விட்டிருக்கிறேன்.

மகள் முதலில் சிரித்தாள். "அம்மா, இருபத்தாறாவது தாள்ல நான் 'ஆமா, கண்ணுல கம்பித்துண்டு குத்தியிருக்கு'ன்னு முழுசா சொன்னேன். நீ 'சரி, அடுத்தது'ன்னே." சொல்லி முடிப்பதற்குள் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

சரின்னேனாம். நான்தான். எங்க பொண்ணு எதிர்ல ஒரு கை நீள தூரத்துல உக்காந்து சொல்லியிருக்கா, நான் அவ மூஞ்சியப் பாத்தே "சரி"ன்னிருக்கேன். அவ குரலே என் காதுல விழலேன்னா அந்த மனுஷன் குரல் எப்படி விழும்?

இவர் தாள்களை அடுக்கினார். மார்க் போடவில்லை.

மார்ச் 24, திங்கள்

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். சோதனை செய்தது, நாலு தவறியது, "சரி" என்றது, எல்லாம். பார்க்கலாம் என்பார் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வீட்ல விளையாடினதையெல்லாம் விசாரணைல சொல்லப் போறீங்களா? இருபத்தோரு வருஷ சர்வீஸ். டெக்னீஷியன் பதிவையே ரத்து பண்ணிடுவாங்க, அப்புறம் எந்த ஊர்லயும் ஸ்கேன் அறைப் பக்கம் போக முடியாது. உங்களைப் பொய் சொல்லச் சொல்லலை நான். நினைவிருக்கான்னு கேப்பாங்க. நினைவில்லைன்னு சொல்லுங்க. அது உண்மைதானே?"

உண்மைதான். நூற்றுக்கு நூறு உண்மை. அந்த உண்மையை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும், தாள் ஜெயிக்கும், அவர் பொய்யர் ஆவார். நான் ஒரு பொய்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் என்னிடம் "ஆமா" சொல்லி, நான் "சரி" என்று, அதிர்ஷ்டத்தில் எழுந்து வீட்டுக்குப் போனார்களோ. பஸ்ஸில் எதிரில் இருக்கிறவர்களை எல்லாம் அப்படிப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 9, புதன்

பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுத? இந்த வேலையைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. என் கைக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அறைதான்.

"என்ன செய்யட்டும்?" என்று இவரிடம் கேட்டேன். "நான் சொன்னா நீ நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லுவே. எதைச் செஞ்சாலும் சாயங்காலம் வாசல்ல நிப்பேன்" என்றார்.

ஏப்ரல் 10, வியாழன்

ஐந்து பேர் குழு. தலைமை ஒரு மூத்த பெண் டாக்டர். நீள மேசை. எனக்கு நேர் எதிரே வெல்டரும் மனைவியும்.

முதலில் அவரைக் கேட்டார்கள். படிவத்தைக் காட்டி, "இதுல இல்லைன்னு இருக்கு, கீழ உங்க கையெழுத்து. நீங்க சொன்னீங்கங்கறது உறுதியா?" என்றார் தலைவி.

அவர் தாளை நல்ல கண் பக்கம் திருப்பிவைத்து வெகுநேரம் பார்த்தார். "சொன்னேன்னுதாங்க நெனச்சேன். ஒரு மாசமா யோசிச்சுப் பாத்துட்டேன். வீட்டுலயும் எல்லாரும் சொல்றாங்க. தாள்லயும் அப்படித்தான் இருக்கு." நிறுத்தினார். "சொல்லலை போலிருக்குங்க."

மனைவி தரையைப் பார்த்தாள். என் பக்கத்தில் துறைத் தலைவர் கோப்பை மூடிய சத்தம் கேட்டது. அவ்வளவுதான், முடிந்தது. யாரும் என்னை எதுவும் கேட்கக்கூடப் போவதில்லை. ஒரு நொடி – இல்லை, ஒரு நொடிக்கும் மேலேயே – நான் சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த மனுஷன் தான் சொன்ன வார்த்தையையே சொல்லவில்லை என்று நம்பிவிட்டார். கண்ணைக் கெடுத்தது போதாதென்று அவர் நினைப்பையும் பிடுங்கியிருக்கிறோம், நானும் என் அழகான குறிகளும்.

"அவர் சொன்னார்" என்றேன்.

"உங்களுக்கு நினைவு வந்துடுச்சா?" என்றார் தலைவி.

"இல்லைங்க. அவர் முகமே நினைவில்லை. கேள்வி கேட்டதுகூட நினைவில்லை. அதனாலதான் சொல்றேன். நான் அன்னிக்கு அவரைக் கேக்கவே இல்லை. வாய் கேட்டுச்சு, கை குறி போட்டுச்சு." வீட்டில் போட்ட முப்பது தாளையும் மேசையில் வைத்தேன். சிவப்புப் பேனாவோடு. இருபத்தாறாவதை எடுத்து மேலே வைத்தேன். "இவர் வாக்குமூலத்துல நான் 'சரி'ன்னு சொன்னதா இருக்கு. நான் அப்படித்தான் சொல்லுவேன்னு எனக்கே தெரியாது. காதால கேக்காம அவருக்கு எப்படித் தெரியும்?"

வெல்டர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தொலைந்த பொருளை யாரோ கையில் கொடுத்த மாதிரி திகைத்துப் பார்த்தார்.

சாயங்காலம் இவர் வாசலில் நின்றிருந்தார்.

ஏப்ரல் 24, வியாழன்

முடிவு வந்தது. அவர் வாக்குமூலம் சரி. கண் சிகிச்சை முழுக்க மருத்துவமனைப் பொறுப்பு. எனக்குப் பதிவு ரத்து இல்லை. ஆறு மாதம் ஸ்கேன் அறைக்குள் கால் வைக்கக்கூடாது, முன்பதிவு ஜன்னலில் உட்கார வேண்டும். இனிப் படிவத்தில் கட்டமே கிடையாது. பதிலைச் சொன்னவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும்.

மே 6, செவ்வாய்

ஜன்னலுக்கு வெல்டரின் மனைவி வந்தாள். கண் பிரிவுக்குத் தேதி வாங்க. என்னை அடையாளம் தெரிந்தும் விலகிப் போகவில்லை. அவர் பட்டறையில் இப்போது பற்றவைப்பதில்லையாம். தகட்டில் அளந்து கோடு போட்டுக் கொடுக்கிறார்.

"உங்க மேல எனக்கு ஆத்திரம் தீரலை" என்றாள். "ஆனா என்னைவிட நீங்க தேவலை. ரெண்டு பேரும்தான் அவர் சொன்னதக் கேக்கலை. நான் பதினேழு வருஷமாக் கேக்கலை. எது சொன்னாலும் 'ம்'முன்னு சொல்லியே பழகிட்டேன்."

"எந்தக் கிழமை வசதி?" என்று கேட்டேன். அவள் புதன் என்றாள். எழுதிவிட்டு வாசித்துக் காட்டினேன்.

நவம்பர் 3, திங்கள்

ஸ்கேன் அறைக்குத் திரும்பி இன்று ஏழாவது நாள்.

பத்துப் பேர்தான் முடிந்தது. வெளியே முணுமுணுப்பு. "முன்னாடி இந்தம்மா எவ்வளவு வேகமாப் பண்ணுவாங்க" என்று யாரோ சொன்னது கதவு வழியாகக் கேட்டது. துறைத் தலைவரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு ஒருவரைக் கேட்டு முடித்து, உடை மாற்ற அனுப்பிவிட்டுத் தாளைப் பார்த்தேன். ஒன்பதாவது கேள்விக்கு எதிரே "இல்லீங்க, எதுவும் பட்டதில்லை" என்று என் கையெழுத்தில் முழு வாக்கியம் இருந்தது. அதை அவர் சொன்ன குரலைத் தேடினேன். இல்லை. ஏழே நாள்தான் ஆகியிருக்கிறது!

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளோடு உடை மாற்றும் அறைக் கதவைத் தட்டினேன். பாதி மாட்டிய அங்கியோடு எட்டிப் பார்த்தார்.

"மறுபடியும் முதல்லேர்ந்து கேக்கணும்" என்றேன்.

"இப்பதானேம்மா எல்லாம் சொன்னேன்?"

"சொன்னீங்க. எழுதிட்டேன். ஆனா என் காதுல விழலைங்க."